அங்கணத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போடுங்கள்

கேள்வி: எனக்கு 73 வயது. மேலூர் பக்கம் கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மனைவிக்கு 68. ரொம்ப நாளாகச் சர்க்கரைக்கும், மூன்று வருஷமாக மறதி நோய்க்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். நாலைந்து மாதமாகக் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறாள். பின்கட்டில் நல்ல கழிப்பறை இருந்தும் அடுப்படி அங்கணத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். ராத்திரி படுக்கை நனைகிறது. சேலை மாற்றப் போனால் "யார்றா நீ" என்று கையை ஓங்குகிறாள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திப் பார்த்தேன், பலனில்லை. சென்னையில் இருக்கும் மகள் எந்நேரமும் டயப்பர் போடச் சொல்கிறாள். அடுத்த மாதம் அழகர்கோவிலில் பேரனுக்குக் காதுகுத்து. அவளைக் கூட்டிப்போகலாமா?

பதில்: ஐயா, "கண்ட இடத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தெரிந்த இடத்துக்குத்தான் போகிறார். நம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகள் ராத்திரியில் கொல்லைக்குப் போகப் பயந்து, அங்கணத்தில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து படுத்தவர்கள்தானே? ஈரத் தரை, தண்ணீர் போகும் துவாரம், பக்கத்தில் குடம். அது அவர் உடம்பில் ஊறிய இடம். மறதி நோய் பிற்பாடு வந்ததை முதலில் அழித்துவிடும். சின்ன வயதுப் பழக்கம் கடைசிவரை கிடக்கும். டைல்ஸ் போட்ட கழிப்பறை பிற்பாடு வந்ததுதான்.

முட்டுகிறது என்று அவருக்குத் தெரிகிறது. எங்கே போக வேண்டும், கதவை எப்படித் திறக்க வேண்டும், நாடாவை எப்படி அவிழ்க்க வேண்டும் என்பதுதான் விட்டுப்போயிருக்கிறது. ஆகவே கழிப்பறையை அவர் போகும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். துவாரமுள்ள கமோடு நாற்காலி மதுரையில் பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். அங்கணத்துக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிடுங்கள். அடுப்படியிலா என்று உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், துடைக்கிறது நீங்கள்தானே. ராத்திரி அவர் படுக்கையிலிருந்து அதுவரைக்கும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

"டாய்லெட் போறியா?" என்று கேட்காதீர்கள். கேள்வியாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். டாய்லெட் என்ற சொல்லே இப்போது அவருக்கு எட்டுகிறதோ என்னவோ. "வா புள்ள, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து காப்பி குடிக்கலாம்" என்று அவர் காதுக்குப் பழகிய பேச்சில் சொல்லிக் கையைப் பிடித்து நடத்துங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்கு முன்னால் மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: எப்போது போனார், எப்போது நனைந்தது, எப்போது என்ன குடித்தார். அவருக்கென்று ஒரு கணக்கு இருப்பது தெரியும். உட்கார்ந்த இடத்தில் நெளிவது, கொசுவத்தைப் பிடித்து இழுப்பது, திடீரென்று எழுந்து நடப்பது எல்லாம் அவர் வாயால் சொல்ல முடியாததைச் சொல்கிற சாடைகள். காலைப் பலகாரம் முடிந்ததும் குடல் தானாக அசையும். மலம் கழிக்க உட்கார வைக்க அதுதான் நல்ல நேரம்.

பாவாடை நாடாவை இன்றைக்கே உருவிவிட்டு எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். முட்டிக்கொண்டு வரும்போது நாடா முடிச்சு விழுந்தால் நல்ல ஞாபகம் உள்ளவருக்கே ஆகாது. நைட்டி போட ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

தண்ணீரை நிறுத்தியது தப்பு. நம் ஊர் வெயிலில் அது ஆபத்தும்கூட. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அடிக்கடி முட்டும், கிருமித் தொற்றும் மலச்சிக்கலும் வரும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் அளவு சொல்லியிருந்தாலொழிய, பகல் முழுக்க நன்றாகக் குடிக்கக் கொடுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்தால் போதும். சாயங்காலக் காப்பியை விட்டுவிடலாம்.

இனி மருத்துவரிடம் கேட்க வேண்டியவை. நாலைந்து மாதத்துக்குள் வந்த மாற்றத்தை "மறதி நோய் முற்றிவிட்டது" என்று தள்ளிவிடக் கூடாது. சர்க்கரை ஏறியிருந்தாலே சிறுநீர் அதிகம் போகும். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிறவை. சிறுநீரும் கூடும், பெண்களுக்கு அந்த இடத்தில் பூஞ்சை அரிப்பும் வரலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை இருந்தால் அதைக் காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். ஞாபகத்துக்குக் கொடுக்கும் டொனெபெசில் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் செய்யும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அது தெரியாமல் சிறுநீரைக் கட்டுப்படுத்த ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரையைச் சேர்த்தால், அது மறதியை இன்னும் கூட்டும். ஒரு மாத்திரை இன்னொன்றைக் காலை வாரிவிடும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மலச்சிக்கலையும் சொல்லுங்கள். உள்ளே இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். சிலருக்கு அதைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். அதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் கதை கந்தலாகிவிடும். நடையும் மாறி, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடக்கிறாரா? அப்படியென்றால் மூளையில் நீர் தேங்குகிற நோயாக இருக்கலாம், ஸ்கேன் பார்க்க வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு. காய்ச்சல், எரிச்சல், ஒரே நாளில் புத்தி தடுமாற்றம் என்றால் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

கை ஓங்குவதைப் பற்றி. அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு நீங்கள் கணவர் இல்லை. யாரோ ஒரு வயதான ஆண் தன் சேலையை அவிழ்க்க வருகிறான். மானமுள்ள எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் அவர் செய்கிறார். "நான்தான் உன் புருஷன்" என்று வாதாடினால் பயம் கூடும். "ஐயோ, தண்ணி கொட்டிருச்சே, சேலையெல்லாம் ஈரம்" என்று பழியைத் தண்ணீர்மேல் போடுங்கள். மடியில் ஒரு துண்டைப் போர்த்தி, அதற்கடியில் மாற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அவர் கையிலேயே கொடுத்தால், பாதி வேலையைத் தானே செய்வார். முரண்டு பிடித்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு வேறு முகத்தோடு வாருங்கள். காலைக் குளியலுக்கு மட்டுமாவது ஒரு பெண் துணையைக் கூலி கொடுத்து வைத்துக்கொள்ள முடிந்தால், மற்ற எந்தச் செலவையும்விட முதலில் அதைச் செய்யச் சொல்வேன்.

மகள் சொல்லும் டயப்பர் ராத்திரிக்கும் பயணத்துக்கும் சரி. பகலெல்லாம் போட்டால், மிச்சமிருக்கும் பழக்கமும் போய்விடும், தோலும் புண்ணாகும். இடுப்பளவு பார்த்து வாங்குங்கள்; ஒன்றின்மேல் ஒன்று போடாதீர்கள். படுக்கையில் ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த பழைய வேட்டி. கழுவும் தண்ணீரில் டெட்டால் வேண்டாம், பவுடரும் வேண்டாம். ஒற்றித் துடைத்து, வாஸ்லினோ துத்தநாக ஆக்ஸைடு களிம்போ மெல்லிசாகத் தடவினால் போதும். முதுகின் அடியில் சிவந்த இடம் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். தரையில் சிறுநீர் இருக்கும்போதே ப்ளீச்சிங் பவுடர் போடாதீர்கள், கிளம்பும் நெடி நெஞ்சை அடைக்கும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கதீட்டர் என்கிற சிறுநீர்க் குழாயைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், சிறுநீர் அடைப்பு இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். அடைப்பில்லாமல் வசதிக்காகப் போட்டால் தொற்றுதான் மிச்சம், அவர் பிடுங்கியும் எறிவார்.

நீங்களும் 73. ராத்திரி ஒருமுறைக்கு மேல் எழாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

அழகர்கோவிலுக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். புறப்படும் முன் ஒருமுறை உட்கார வைத்து, ஜட்டிபோல் மாட்டும் டயப்பரைப் போட்டுவிடுங்கள். அடர் நிறப் பூப்போட்ட சேலை, மாற்றுக்கு இன்னொன்று. இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே என்று பார்த்துவையுங்கள். பந்தியில் நடுவில் உட்கார வைக்காமல் ஓரமாக. காது குத்தும்போது பிள்ளை அழுதால் அவர் மிரளலாம், அந்த நேரம் உங்கள் மகள் பக்கத்தில் இருக்கட்டும். மாற்றுத்துணிப் பையை மட்டும் கையை விட்டுக் கீழே வைத்துவிடாதீர்கள், அங்கே குரங்குகள் சும்மா விடாது.