ரேடியல் எஞ்சின் ஏன் தாமதமானது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1903-லேயே அமெரிக்காவில் சார்லஸ் மேன்லி ஐந்து சிலிண்டர் ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்களை நட்சத்திரம்போல வட்டமாக அடுக்கியது) ஒன்றைச் செய்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் முதல் உலகப்போர் விமானங்களில் எஞ்சினையே சுற்றவிட்ட கூத்து எதற்கு? கையில் இருந்ததை ஏன் விட்டார்கள்? இன்னும் இரண்டு சந்தேகங்கள். ரேடியலில் 5, 7, 9 என்று ஒற்றைப்படையாகவே வருவது ஏன்? பழைய விமானத்தைக் கிளப்பும் முன் ஆட்கள் புரொப்பல்லரைக் கையால் சுற்றுகிறார்களே, அது எண்ணெய் எல்லா இடத்துக்கும் போவதற்குத்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மேன்லியின் எஞ்சின் நிமிடத்துக்கு 950 சுற்றில் 52 குதிரைத்திறன் தந்தது. எடை, தண்ணீரோடு சேர்த்து, சுமார் 94 கிலோ. அதே ஆண்டு ரைட் சகோதரர்கள் பறந்த எஞ்சின் ஏறத்தாழ 80 கிலோ, 12 குதிரைத்திறன்தான். மேன்லியின் எஞ்சினைச் சுமந்த, ஆய்வாளர் லாங்லியின் விமானம் இரண்டு முறையும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்ததால் எஞ்சினையும் உலகம் மறந்துவிட்டது. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கான பதில் 'தண்ணீரோடு சேர்த்து' என்பதில் இருக்கிறது. சிலிண்டர்களை நட்சத்திரம்போல அடுக்குவது யாருக்கும் பெரிய காரியமாக இல்லை. தண்ணீர் இல்லாமல், நின்ற இடத்திலேயே, அவற்றைக் காற்றால் குளிர்விப்பதுதான் கைகூடவில்லை.

சுற்றும் எஞ்சின் அதற்கான குறுக்குவழி. பிரான்ஸில் செகாங் சகோதரர்கள் செய்த நோம் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டை (வழக்கமாக பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) விமானத்தோடு இறுக்கிவிட்டார்கள். எஞ்சின் உடம்பும் ஏழு சிலிண்டர்களும் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றின. விமானம் தரையில் நின்றாலும் சிலிண்டர்மேல் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரமான ஃபிளைவீலும் தனியாக வேண்டாம். சிலிண்டர்களை முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து, சுவரை 1.5 மில்லிமீட்டர் வரை மெலிதாக்கினார்கள். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் உள்ளே ஊற்றியது நம் விளக்கெண்ணெய்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் கூட்டக் கூட்ட, காற்றைக் கடைவதிலேயே எஞ்சினின் சக்தி போய்விடும். சுற்றும் எடை பம்பரம்போல விமானத்தின் திருப்பங்களையும் இழுக்கும். 1918-இல் 230 குதிரைத்திறன் கொண்ட பென்ட்லி பி.ஆர்.2-வோடு இந்த வகை அநேகமாக முடிந்துபோனது. அதே போர்க்காலத்தில் பிரான்ஸின் சால்ம்சன் நிலையான ரேடியல்களை நன்றாகவே ஓட்டியது. அவற்றிலும் தண்ணீர்தான்.

தண்ணீரும் வேண்டாம், சுழற்சியும் வேண்டாம் என்று துணிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் ஏ.பி.சி. டிராகன்ஃபிளை சாட்சி. ஒன்பது சிலிண்டர், 1918. ஓடிக் காட்டும் முன்பே பதினோராயிரத்துக்கு மேல் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். எஃகு சிலிண்டரில் கடைந்த எஃகு ஃபின்கள், அதாவது வெப்பத்தைக் காற்றில் விடும் மெல்லிய தகடுகள். அவற்றின்மேல் தாமிர முலாம். தாமிரம் எஃகைப்போல ஏழெட்டு மடங்கு வெப்பம் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் வெப்பம் ஃபினின் அடியிலிருந்து நுனிக்குப் போக வேண்டும், அந்தப் பாதையின் கனத்தில் முலாம் எவ்வளவு? தாள் அளவு. மிச்சம் எல்லாம் எஃகு. எஞ்சின் சூடேறி மரப் புரொப்பல்லரின் நடுப்பகுதி கருகியது. போதாக்குறைக்கு, கிராங்க் ஷாஃப்ட் முறுக்கி அதிரும் வேகமும் எஞ்சின் ஓடவேண்டிய வேகமும் ஒன்றாக அமைந்துவிட்டன. முப்பது சொச்சம் மணி நேரத்தில் ஆயுள் முடிந்தது.

இத்தனைக்கும் சரியான விடை அப்போதே பிரிட்டனில் இருந்தது. ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் 1915 முதல் பொறியாளர்கள் கிப்சனும் சாம் ஹெரோனும் ஒரே ஒரு சிலிண்டரை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். சிலிண்டரில் சூடு தாங்காத இடம், எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் சுற்றுப்புறம். ஆகவே சிலிண்டரின் தலை (மேல்மூடி) முழுவதையும் அலுமினியத்தில், ஆழமான ஃபின்களோடு வார்த்தார்கள். உள்ளே அரைக்கோள வடிவம், சாய்ந்த இரண்டு வால்வுகள், நடுவே காற்று புக இடம். இந்தத் தலையைச் சூடாக்கி சிலிண்டரின் எஃகுக் குழாயின்மேல் மரையோடு திருகி ஆறவிடுவார்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல இரண்டு மடங்கு விரியும். அதனால் ஆறும்போது இறுக்கிப் பிடிக்கும் பிடி, ஓடும் சூட்டிலும் தளராத அளவுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்ததாக இருக்க வேண்டும். தெருவில் நிற்கும் பைக்கைப் பாருங்கள், காற்றில் குளிரும் அதன் தலையும் அலுமினியம்தான்.

பிரிட்டனின் ராய் ஃபெடன் வடிவமைத்த ஜூபிடர் எஞ்சின் (1918, 1920-இல் பிரிஸ்டல் கம்பெனி வாங்கியது) இதில் பாதி வழிதான் போனது. எஃகு சிலிண்டரின் மேல்முனை மூடியிருக்கும். அதன்மேல் அலுமினியத் தலையை போல்ட் போட்டு ஒட்டவைத்திருந்தார்கள். சூட்டில் தலை கோணினால் நடுவில் மயிரிழை இடைவெளி விழும்; வெப்பம் அங்கேயே தேங்கும். பிற்காலத்து ஜூபிடர்களில் திருகும் தலை வந்தது. ஜூபிடர் நல்ல எஞ்சின் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அந்த முதல் தலை ஒரு சமரசம்தான்.

ஹெரோன் 1921-இல் அமெரிக்கா போனார். அங்கே சார்லஸ் லாரன்ஸ் செய்த 200 குதிரைத்திறன் ஜே-1 எஞ்சினைக் கடற்படை விரும்பியது. அதன் அழுத்தத்தில் 1923-இல் ரைட் கம்பெனி லாரன்ஸ் கம்பெனியை வாங்கியது. ஹெரோனின் தலை ஏறிய ரைட் ஜே-5 வேர்ல்விண்ட், 220 குதிரைத்திறன், சுமார் 230 கிலோ. 1927 மே மாதம் லிண்ட்பர்கை நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் நிற்காமல் கொண்டுபோனது அதுதான்.

ஒற்றைப்படைக்கு வருவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்க வேண்டும். ஒன்பது சிலிண்டரில் ஒன்றுவிட்டு ஒன்றாக 1-3-5-7-9 என்று போனால் இரண்டாம் சுற்றில் தானாகவே 2-4-6-8 விழும். எங்கும் 80 பாகை இடைவெளி. எட்டு சிலிண்டர் வைத்தால் 1-3-5-7 முடிந்து மறுபடி 1-இல் வந்து நிற்கும். 2-க்குத் தாவ இடைவெளியைக் குலைத்தாக வேண்டும். பதினான்கு சிலிண்டர் என்றால் அது ஏழேழாக இரண்டு வரிசை.

இதில் எனக்குப் பிடித்தது கேம் வளையம், தன் மேடுகளால் வால்வுகளைத் திறக்கும் வளையம். ஒன்பது எக்ஸாஸ்ட் வால்வுக்கும் ஒரே வளையம், நான்கே மேடுகள். கிராங்குக்கு எதிர்த்திசையில், அதன் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. கிராங்க் 80 பாகை போவதற்குள் வளையம் 10 பாகை பின்னால் வரும். மேடுகளுக்கிடையே 90 பாகை. 10 கழிந்தால் 80. அடுத்து வெடிக்கவேண்டிய சிலிண்டரின் நேர் கீழே அடுத்த மேடு வந்து நிற்கும்.

கையால் சுற்றுவது எண்ணெயைப் பரப்ப அல்ல, தேங்கிய எண்ணெயைக் கண்டுபிடிக்க. எஞ்சின் அரை மணிக்கு மேல் நின்றாலே எண்ணெய் வழிந்து கீழே தொங்கும் சிலிண்டர்களில், ஒன்பதில் 5-க்கும் 6-க்கும், பிஸ்டன் வளையம் தாண்டி இறங்கிவிடும். எண்ணெய் அமுங்காது. இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதிசெய்து, ஓடும் திசையில் சுற்ற வேண்டும். இரண்டு முழுச் சுற்றில் எல்லா சிலிண்டரும் ஒருமுறை அமுக்கத்துக்கு வந்துவிடும். வழக்கத்தில் இன்னும் ஓரிரு சுற்று கூடவே சுற்றுவார்கள். நடுவில் கல்போல நின்றால் தள்ளக்கூடாது. அந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.

இங்கே சோம்பேறிகள் செய்யும் தவறு, பின்னோக்கிச் சுற்றுவது. கை லேசாகிவிடும், காரணம், எண்ணெய், திறந்திருக்கும் இன்டேக் வால்வு (எரிபொருளும் காற்றும் உள்ளே வரும் வால்வு) வழியாக இன்டேக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எஞ்சின் பற்றிக்கொண்ட அடுத்த நொடி அதே சிலிண்டர் அதைத் திரும்ப உறிஞ்சும். இந்த முறை தள்ளுவது மனிதக் கை அல்ல. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடு அன்றைக்கே உடையாமலும் இருக்கலாம். பல மணி நேரம் ஓடிய பிறகு, ஆகாயத்தில் வைத்து உடையும்.