வேலையை விட்டுவிட்டு ப்ராப் ட்ரேடிங்கா?

தம்பி, வெள்ளவத்தை வங்கி வேலையை விட்டுவிட்டு, டொலரில் கட்டணம் கட்டி ப்ராப் 'சேலஞ்ச்' (தேறினால் நிறுவனம் தரும் கணக்கில் ட்ரேட் செய்து லாபத்தில் பங்கு பெறும் தேர்வு) செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேலையை விடாதீர்கள்.

பிரேசிலில் 2013–2015இல் சுட்டெண் ஃபியூச்சர்ஸில் (பங்குச் சுட்டெண்ணை வைத்த முன்பேர ஒப்பந்தங்களில்) டே ட்ரேடிங், அதாவது வாங்கியதை அன்றே விற்பது, தொடங்கி, 300 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களை ஆராய்ந்தார்கள். 97% பேருக்கு நட்டம். அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைத் தாண்டியவர்கள் 1.1% மட்டும். பழகப் பழகக் கைவந்ததாகவும் தெரியவில்லை.

இந்தியாவில் சொந்தப் பணத்தில் ட்ரேட் செய்யும் ப்ராப் நிறுவனங்கள் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் சந்தையில்) காசு பார்ப்பது உண்மைதான். ஆனால் அந்நாட்டுப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் கணக்குப்படி, 2023-24இல் அந்த லாபத்தில் 96% அல்கோ (தானாக ட்ரேட் செய்யும் கணினி நிரல்) வழியே வந்தது. போனில் பட்டன் அழுத்தி அல்ல!

சேலஞ்ச் விற்பவர்கள் வேறு ரகம். தோற்றவர் கட்டணமும் அவர்களுக்கு வருமானம்தான். சரி, கட்டியே தீருவேன் என்றால் 'ட்ரெயிலிங் ட்ரோடவுன்' விதியை முதலில் வாசியுங்கள்: லாபம் ஏற ஏற, தொட்டால் கணக்குப் போய்விடும் எல்லையும் கூடவே மேலேறும். அந்த எல்லையை மூடாத ட்ரேடின் உச்ச லாபத்திலிருந்து எண்ணினால், நட்டமே இல்லாமலும் கணக்குப் பறிபோகலாம்.