இலையுதிர்காலத்தில் உழவர் சந்தையில் விற்க என்ன செடிகள் வளர்க்கலாம்?

முதலில் சந்தை நாட்களைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செப்டம்பரில் விற்க வேண்டிய செடியைப் பற்றி ஆகஸ்டில் யோசித்தால் அந்த வருடம் போனது போனதுதான். கீழே உள்ள மாதங்கள் வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளுக்கானவை.

பாதி இடத்தைச் சாமந்திக்குக் கொடுக்கலாம். வேர் பிடித்த தண்டுத் துண்டுகளை மே கடைசியிலிருந்து ஜூன் நடுவுக்குள், 8 அங்குலத் தொட்டிக்கு ஒன்றாக நட்டுவிட வேண்டும். முதல் ஆறு வாரம் பட்டினி போடாதீர்கள். 20-10-20 உரத்தை (முதல் எண் தழைச்சத்தின் சதவீதம், அடுத்தவை மணிச்சத்து, சாம்பல் சத்து) லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து ஊற்றினால் 200 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 200 மில்லிகிராம், தழைச்சத்து கிடைக்கும். இந்தக் கட்டத்தில் உரமோ தண்ணீரோ குறைந்தால் செடி இறுகிப்போய், கையளவு இருக்கும்போதே மொட்டு வைத்துவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் தேறாது.

நட்ட இரண்டாம் வாரம் நுனி கிள்ளுங்கள். ஜூலை நடுவுக்குப் பிறகு கிள்ளவே கூடாது, பூப்பது தள்ளிப்போகும். தானாகக் கிளைக்கும் புது ரகங்களுக்குக் கிள்ளலே தேவையில்லை. தொட்டிகளின் நடுவுக்கு நடு 45 செ.மீ. இடைவெளி விடுங்கள். நெருக்கினால் செடி உயர்ந்து நடுவில் பிளந்துகொள்ளும்; அதை எந்த வாடிக்கையாளரும் எடுக்க மாட்டார். தண்ணீரைச் சொட்டுக் குழாயில் விடுவது நல்லது. மாலையில் இலை நனைந்து கிடந்தால் இலைப்புள்ளி வரும்.

சாமந்தி இரவு நீளமானால்தான் மொட்டு வைக்கும். தெருவிளக்கு வெளிச்சம் படும் வரிசை மட்டும் பச்சையாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான். இரவிலும் வெயில் சூடு தணியாத ஆண்டுகளில் பூப்பு தாமதமாகும். அதனால் ஒரே ரகத்தை நம்பாமல் முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று கலந்து நடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு வாரமும் கொண்டுபோக ஏதாவது இருக்கும்.

அடுத்து அலங்கார முட்டைக்கோஸ். சாமந்தி ஓயும் நேரத்தில் இதுதான் கடையைத் தாங்கும், பலர் இதை விட்டுவிடுவது எனக்குப் புரியவில்லை. ஜூலையில் விதைத்து, தொட்டிக்கு மாற்றும்போது கீழ் இலை வரை தண்டைப் புதையுங்கள். இல்லாவிட்டால் கொக்குக் கால் போல நீண்டு நிற்கும். இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி இரண்டு மூன்று வாரம் ஆன பிறகே நிறம் முழுதாக ஏறும். எனவே அக்டோபருக்கு முன் கொண்டுபோனால் வெறும் கீரையாகத்தான் தெரியும். நிறம் ஏறத் தொடங்கியதும் தழைச்சத்தைக் குறையுங்கள். அதற்கு முன்பே நிறுத்தினால் அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். பச்சைப் புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தைத் தெளிக்கலாம்; புழு சிறிதாக இருக்கும்போது அடித்தால்தான் பலன்.

குளிர் காலப் பூச்செடியான பேன்சியை விதையிலிருந்து வளர்க்க வேண்டாம். முளைக்க 18 முதல் 20 டிகிரி வேண்டும், கோடை வெக்கையில் பாதிகூடத் தேறாது. குழித்தட்டு நாற்றாக வாங்கி, விற்பனைக்கு ஆறு வாரம் முன் மாற்றி நடுங்கள்.

சந்தைக்கு எடுத்துப்போகும் சாமந்தியில் மூன்றில் ஒரு பங்கு பூ விரிந்து, மீதி நிறம் காட்டும் மொட்டாக இருக்க வேண்டும். எல்லாமே பச்சை மொட்டாக இருந்தால் பூவின் நிறம் தெரியாமல் யாரும் வாங்கத் தயங்குவார்கள். முழுக்க மலர்ந்தது சீக்கிரமே வாடும், வாங்கியவர் அடுத்த வாரம் உங்களிடம் வர மாட்டார்.