உங்கள் வட்டாரத்தில் மறைந்துபோன தலைவர்களில் இன்றும் உங்கள் நினைவில் இருப்பவர் யார்?

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அதனால் யோசிக்கவே தேவையில்லை, நெல் ஜெயராமன்தான். கட்டிமேட்டுக்காரர். 2018 டிசம்பர் 6 அன்று, ஐம்பது வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பதவியால் பெயர் பெற்றவரில்லை. முதலில் நுகர்வோர் உரிமைக்காக அலைந்துகொண்டிருந்தார். 2003இல் இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடந்தபோது அவருடன் நடந்தார். அந்த வழியில் விவசாயிகளிடமிருந்து சில பழைய நெல் ரகங்கள் கிடைத்தன. அன்று பிடித்த பித்து, கடைசியில் 174 ரகங்களில் வந்து நின்றது. ‘நெல்’ என்ற அடைமொழியும் நம்மாழ்வார் கொடுத்ததுதான்.

ஆனால் 174 என்ற எண்ணைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் வைத்த கணக்கு. ஆதிரெங்கத்தில் ஆரம்பித்த நெல் திருவிழாவுக்கு யார் வந்தாலும் இரண்டு கிலோ விதை கிடைக்கும். காசு கிடையாது. அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். இனாமாகக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் வீட்டில் பொங்கித் தின்றிருப்பார்கள் (என் அப்பா உட்பட). கடன் என்று சொன்னதால் விதைத்தார்கள்.

அதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. விதைநெல்லைக் குதிரில் போட்டுப் பூட்டிவைத்துக் காப்பாற்ற முடியாது. வருடங்கள் போகப்போக முளைப்பு செத்துவிடும். ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாக, கலப்பு விழாமல், திரும்பத் திரும்ப விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் பண்ணையில் ஆகிற காரியமா? கொடுத்தால்தான் மிஞ்சும் என்பதை அந்த மனிதர் புரிந்துவைத்திருந்தார்.

2017 திருவிழாவில் அப்பாவும் நானும் மாப்பிள்ளைச் சம்பா வாங்கினோம். நோட்டில் ஊரும் பெயரும் எழுதிக்கொண்டு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஜெயராமன் அந்தக் கூட்டத்துக்குள் ஓரிடத்தில் நில்லாமல் திரிந்துகொண்டிருந்தார். சாப்பாட்டுப் பந்திப் பக்கம் ஒரு முறை, விதைப் பக்கம் ஒரு முறை. அழைத்தவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார்.

ஒற்றை நாற்றாக ஒரு மா நிலத்தில் நட்டோம். பயிர் கருகருவென்று வந்தது. அப்பாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வழக்கப்படி யூரியாவை வீசிவிட்டார். பழைய ரகம் இயல்பிலேயே உயரமாக வளரும். அதற்கு யூரியாவும் கொடுத்தால் கேட்க வேண்டுமா? கதிர் முற்றுகிற நேரத்தில் பாய் விரித்த மாதிரி சாய்ந்து, தண்ணீரில் கிடந்தே முளைத்துவிட்டது. விதைக்குத் தேறியது மூன்று கிலோதான்.

கடனைக் கட்ட முடியாத வெட்கத்தில் 2018 திருவிழாவுக்கு அப்பா வரவில்லை. “என்னத்தைச் சொல்லி அந்த மனுஷன் முகத்தில் முழிப்பது” என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். நோட்டு வைத்திருந்த பையன் சிரித்தான். இருக்கிற மூன்று கிலோவையே மறுபடி விதைக்கச் சொல்லி, அப்பா பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்துக்கொண்டான். கோபித்துக்கொள்ளாத அந்தப் பழக்கம் அங்கே யாரிடமிருந்து எல்லோருக்கும் தொற்றியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தது. எங்கள் தென்னை பதினேழும் வேரோடு படுத்துவிட்டது. சம்பா சின்னப் பயிராக இருந்ததால் தப்பியது. கரண்டு இல்லாமல், செல்போனில் சார்ஜ் இல்லாமல் கிடந்த நாட்கள் அவை. கூரைக்குத் தார்ப்பாய் கட்டி முடிப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அப்போதுதான் சென்னையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. அப்பா ஏணியிலிருந்து இறங்கி, ஒன்றும் பேசாமல் வயல் பக்கம் போய்விட்டார்.

பின்னால் அரசு அவர் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியது. நல்லதுதான்.

கஜா அடித்த அந்த வருடம் அப்பா யூரியா மூட்டையைத் தொடவில்லை. மாசியில் அறுத்தோம். 2019 திருவிழாவுக்கு நெல்லை அவரே புடைத்து, தராசில் நிறுத்து, நான்கு கிலோவுக்கு மேல் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டுப் பையைக் கட்டினார். வட்டியா என்று கேட்டேன். “ஒரு வருஷம் தாமதம் இல்லையா” என்றார்.