இருபது கேள்விகளுக்குள் ஒரு வரலாறு
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்கள் ஐந்து பேர் வாரம் ஒரு முறை வீடியோ அழைப்பில் கூடி, ஒருவர் மனத்தில் நினைத்துக்கொள்ளும் வரலாற்று நிகழ்ச்சியை ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகளை மட்டும் வைத்து மற்றவர்கள் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆடி வருகிறோம். மொத்தம் இருபது கேள்விகள் கேட்கலாம். பெரும்பாலும் இருபதும் தீர்ந்துவிடுகின்றன. விடை மட்டும் அகப்படுவதில்லை. எங்கே தவறுகிறோம்?

பதில்: கணக்குப்படி பார்த்தால் இருபது கேள்விகள் தாராளம். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பவற்றைச் சரிபாதியாகப் பிரிக்குமானால், 10,48,576 நிகழ்ச்சிகளிலிருந்து ஒன்றைப் பிடித்துவிடலாம். அத்தனை நிகழ்ச்சிகள் உங்கள் ஐவருக்கும் சேர்த்தே தெரிந்திருக்காது. மூன்றாவது கேள்வியிலேயே ‘பிரெஞ்சுப் புரட்சியா?’, ‘டைட்டானிக் மூழ்கியதா?’ என்று பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கிவிடுவதால்தான் கேள்விகள் வீணாகின்றன. அதற்கு ‘இல்லை’ என்று விடை வந்தால் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் கழிகிறது.

காலத்தை வகுக்கும்போது ஆண்டுகளைப் பாதியாக்காமல் நிகழ்ச்சிகளைப் பாதியாக்க வேண்டும். ஐயாயிரம் ஆண்டு வரலாற்றின் நடுப்புள்ளி கி.மு. 500-ஐ ஒட்டி வரும். ஆனால் இத்தகைய ஆட்டத்தில் எவருக்கும் சட்டென்று தோன்றும் நிகழ்ச்சிகள் கடந்த இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஆகவே முதல் கேள்வி ‘1900-க்குப் பிறகா?’ என்று இருப்பதே நல்லது.

1869 நவம்பர் 17 அன்று சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதை ஒருவர் நினைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 1900-க்குப் பிறகா? இல்லை. 1800-க்குப் பிறகா? ஆம். 1850-க்குப் பிறகா? ஆம். மூன்றே கேள்விகளில் ஐம்பது ஆண்டுகளுக்குள் வந்துவிட்டீர்கள். போரா? இல்லை. மனிதர் கட்டிய ஒன்றைப் பற்றியதா? ஆம். இப்போது 1883-இல் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலமும் 1889-இன் ஈபெல் கோபுரமும் மனத்தில் எழும். எழுந்தாலும் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். ‘நிகழ்ந்த இடம் ஐரோப்பாவா?’ என்று கேட்டால் ‘இல்லை’, ‘ஆப்பிரிக்காவா?’ என்றால் ‘ஆம்’. எட்டாவது கேள்வியில் தயங்காமல் சூயஸ் என்று சொல்லலாம். இங்கே ‘நிகழ்ந்த இடம்’ என்ற சொற்கள் முக்கியமானவை. ‘இது ஐரோப்பிய நிகழ்ச்சியா?’ என்று பொதுப்படக் கேட்டிருந்தால், கால்வாயை வெட்டிய நிறுவனத்தை நடத்தியவர் பிரெஞ்சுக்காரரான பெர்டினாண்ட் டி லெசெப்ஸ் என்பதால் விடை சொல்பவர் திண்டாடிப் போவார்.

கேள்வி: மனிதன் நிலவில் கால்வைத்த தேதி 1969 ஜூலை 20 என்று நானும், 21 என்று என் நண்பரும் வாதிட்டோம். இதில் போன மதிப்பெண் யாருடையது?

பதில்: இருவருக்குமே கொடுத்துவிடுங்கள். கிரீன்விச் நேரப்படி விண்கலம் இறங்கியது ஜூலை 20 இரவு 8.17-க்கு; ஆம்ஸ்ட்ராங் கால்வைத்தது 21 அதிகாலை 2.56-க்கு. அமெரிக்காவில் அப்போதும் 20-ஆம் தேதி இரவுதான். இதைவிடப் பெரிய வம்பு பஞ்சாங்க மாற்றத்தில் இருக்கிறது. ரஷ்யாவின் ‘அக்டோபர் புரட்சி’ பழைய ஜூலியன் நாட்காட்டியில் 1917 அக்டோபர் 25. இன்றைய கணக்கில் நவம்பர் 7. பிரிட்டனில் 1752-இல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. தேதி வரைக்கும் மதிப்பெண் கொடுக்கப் புறப்பட்டால் ஆட்டம் பஞ்சாயத்தில்தான் முடியும், ஆண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் கி.மு., கி.பி. இரண்டையும் தாண்டும் கேள்வி வந்தால் கவனம் தேவை. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, இடையில் பூஜ்ய ஆண்டு கிடையாது. ஆகவே ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44-க்கும் அகஸ்டஸ் இறந்த கி.பி. 14-க்கும் இடைவெளி 58 ஆண்டுகள் அல்ல, 57 ஆண்டுகளே.

கேள்வி: எங்களில் ஒருவர் ரகசியமாக இணையத்தில் தேடிப் பார்த்து விடை சொல்கிறார் என்று சந்தேகம். நேரில் கேட்கவும் மனம் வரவில்லை.

பதில்: கேட்க வேண்டாம்; கேள்வியின் அமைப்பை மாற்றிப் பாருங்கள். ஆண்டைக் கேட்டால் தேடுவது சுலபம். ‘தொலைநகலுக்கான காப்புரிமை முந்தியதா, தொலைபேசிக்கான காப்புரிமை முந்தியதா?’ என்று கேட்டு, பத்து விநாடிக்குள் விடையையும் அப்படி நினைத்ததற்கான காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். அலெக்சாண்டர் பெயின் தொலைநகலுக்குக் காப்புரிமை பெற்றது 1843-இல். கிரகாம் பெல் தொலைபேசிக்குப் பெற்றது 1876-இல். சரியான விடையைச் சொல்லிவிட்டுக் காரணம் சொல்லத் தெரியாமல் விழிப்பவர் யார் என்பது உங்களுக்கே புலப்படும். காரணம் நன்றாக இருந்து விடை தவறினால் அவருக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். தந்திக் கம்பி வழியே படத்தை அனுப்ப அக்காலத்திலேயே முயன்றிருக்கிறார்கள் என்று ஊகித்துச் சொல்பவருக்கு, நானாக இருந்தால், முழுதாகவே கொடுத்துவிடுவேன்.