பறவையும் செப்புத் தகடும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அமிலப்பொறிப்பு (செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிடுவது) ஓவியங்களில் உள்ள பறவைகள் நேரில் பார்த்து வரையப்பட்டவை என்கிறார்கள். ஆனால் பல பறவைகள் விறைத்து நிற்கின்றன. பொறிப்போவியர் ஹாலர் பொறித்தவற்றுள் சில, ஆங்கில ஓவியர் பார்லோவின் சித்திரங்களைப் பின்பற்றியவை என்றும் படித்தேன். அப்படியிருக்க, அவற்றை நேரில் கண்டவை எனச் சொல்வது தகுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஹாலரைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் சரியே. பறவையைக் கண்டவர் பிரான்சிஸ் பார்லோ. ஹாலர் கண்டது பார்லோவின் தாளை. பார்லோவின் கண்ணை அறிய, அவரே பெரும்பாலும் பொறித்து 1666-இல் வெளியிட்ட ஈசாப் கதைகளைப் பார்ப்பதே நல்லது.

விறைப்புக்குக் காரணம் வேறு. அக்காலத்து ஓவியர் முன் இருந்தவை பெரும்பாலும் கூண்டுப் பறவை, வேட்டையில் வீழ்ந்த பறவை, பதப்படுத்திய தோல் ஆகியவையே. செத்த வாத்தின் கழுத்தை எப்படி நிமிர்த்துவது என்பதை அவர் ஊகிக்கத்தான் வேண்டும். உயிருள்ளவற்றோடு பழக வாய்த்தவர்களின் கோடு வேறு மாதிரி இருக்கும். ஆண்ட்வெர்ப்பைச் சேர்ந்த பீட்டர் போயல், வெர்சாய் அரண்மனை விலங்ககத்தில் ஒரே பறவையை ஒரே தாளில் பல நிலைகளில் வரைந்து பழகியவர். பறவைகளை அமிலப்பொறிப்பாகவும் செய்தவர்.

மெழுகு பூசிப் புகையூட்டிக் கறுப்பாக்கிய செப்புத் தகட்டில் ஊசி தாளில் பேனா ஓடுவதுபோல ஓடும் என்பதால், உளியால் செம்பையே உழ வேண்டிய செதுக்கோவியத்தைவிட இறகுக்கு இது இசைவானது என்பார்கள். நான் ஊசியைவிட அமிலத்துக்கே அதிக மதிப்புத் தருவேன். மார்புத் தூவியின் கோடுகளைச் சிறிது நேரம் அரிக்கவிட்டு, அவற்றைக் கொழுப்புக் கலவையால் மூடியபின், சிறகின் கரிய முனைகளை மட்டும் மேலும் அரிக்க விடுவார்கள். ஆழமான கோட்டில் மை மிகுதியாகத் தங்குவதால் அச்சில் தூவி மெலிந்தும் சிறகு அழுத்தமாகவும் விழும். 1645-இல் ஆப்ரஹாம் போஸ் பாரிசில் வெளியிட்ட கையேட்டில் இம்முறை விளக்கப்பட்டிருக்கிறது.

தகட்டில் வரைந்தது அச்சில் இடவலமாக மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் பொறித்த கூம்புச் சங்கு ஓவியத்தில், தகட்டில் திருப்பி எழுதிய கையொப்பம் நேராகவும், கண்டபடியே வரைந்த சுருள் இடவலம் மாறியும் விழுந்திருப்பது இதனால்தான். பறவைக்கு இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால் அங்கே இது பிடிபடாது. அலகின் நுனிகள் குறுக்கிட்டு நிற்கும் குறுக்கலகுப் பறவைகூட நமக்கு உதவாது. அதன் அலகு இரு திசைகளிலும் குறுக்கிடுவதுண்டு.

அன்புடன்.