கிராம சபையில் நாம் பேசியது எங்கே போகிறது?

'உள்ளாட்சியில் மக்கள் பங்கெடுக்காததற்கு அவர்களுடைய அக்கறையின்மைதானே காரணம்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாத ஒரு பெண்ணை எங்கள் ஊரில் காட்ட முடியாது. ஆனாலும் அவர்கள் கிராம சபைக்குப் போவதை நிறுத்தியிருந்தார்கள். அங்கே பேசியது தீர்மான நோட்டில் ஏறுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். 2022 அக்டோபர் 2 அன்று முதல் முறையாகக் கிராம சபைக்குப் போனேன். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்தால் முதல் இரண்டு தெருவோடு நின்றுவிடும், கடைசியில் இருக்கும் எங்கள் தெருவுக்கு வராது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். "நீ யாரு வீட்டு மருமக?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சொன்னேன். அடுத்து, "உங்க பேரு இந்த ஊரு ஓட்டர் லிஸ்ட்ல இருக்கா?" என்று ஊராட்சிச் செயலர் கேட்டார். இல்லை, பிறந்த ஊரில்தான் இருந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள் என்பதால் அவர் கேட்டது சட்டப்படி சரிதான். உட்கார்ந்துவிட்டேன். விசாரித்தால், எங்கள் தெருவில் மட்டும் என்னைப் போல இன்னும் ஐந்து மருமகள்கள். ஆறு பேரும் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றினோம்.

அடுத்த ஜனவரி 26 அன்று பேசினேன். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அலுவலரான பற்றாளர் தலையாட்டினார், தலைவர் "பார்த்துக்கலாம்மா" என்றார். சரி, எழுதிக்கொண்டார்கள் என்று நம்பி வீட்டுக்கு வந்தேன். சில மாதம் கழித்து, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அன்றைய தீர்மானங்களின் நகல் கேட்டேன். வந்த தாள்களில் டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று மேலிருந்து அனுப்பிய கூட்டப் பொருள்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. எங்கள் தெருத் தண்ணீர் ஒரு வரியில்கூட இல்லை. கீழே நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள், அதில் என்னுடையதும் ஒன்று. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே, தாள் வெறுமையாக இருந்தபோது போட்டது.

ஏன் முன்பே வாங்குகிறார்கள்? குறைவெண் வரம்பு என்று ஒன்று இருக்கிறது, அதாவது கூட்டம் செல்லுவதற்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நல்ல நோக்கத்தில் வைத்த விதி. ஆனால் எங்கள் ஊரில் அந்த எண்ணை எட்டுவதே கூட்டத்தின் முழு வேலையாகிவிட்டது. 'வராதவங்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்ல' என்று நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் சொல்லி வரவைப்பார்கள். வந்து கையெழுத்துப் போட்டதும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாறு முறை பேசிப் பார்த்து ஒன்றும் நடக்காததைக் கண்டவர்கள் அவர்கள்.

இடமும் ஒரு தடைதான். மதம் சார்ந்த வளாகத்தில் கூட்டக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது. எங்கள் ஊரில் வெகுகாலம் கோவில் வாசல் அரசமரத்தடியில்தான் நடந்தது. காலனிக்காரர்கள் ரோட்டோரம் நின்று கேட்பார்கள், உள்ளே வந்து உட்கார மாட்டார்கள். இதைச் சின்ன விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-லிருந்து பத்து வருஷம் முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை. 2006-ல்தான் நடந்தது.

தகவல் வந்து சேருவதிலும் கோளாறு உண்டு. தண்டோரா போடுவது இனி வேண்டாம், ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கடிதம் அனுப்பினார். மிகச் சரியான முடிவு, அந்தப் பறையைத் தூக்கியவர்களுக்கு அது இழிவாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒலிபெருக்கி வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நோட்டீஸின் போட்டோ வரும், அந்தக் குழுவில் பெரும்பாலும் ஆண்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேல், கேள்வி கேட்க ஒரு பிரதிநிதியே இல்லாத காலங்கள் வருகின்றன. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை ஊரகத் தேர்தல் நடக்கவில்லை, ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை இழுத்தது. 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள், அதாவது தேர்வான தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் அதிகாரிகள். ஒரு ஒன்றியத்தின் ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொறுப்பாக இருக்கும் ஓர் அதிகாரியிடம் எங்கள் தெருக்குழாயைப் பற்றி எப்போது பேசுவது? ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று அரசியல் சட்டமே சொல்லியும் உள்ளாட்சிக்கு மட்டும் தள்ளிப்போடலாம் என்று நினைப்பது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

எங்கள் தெருத் தண்ணீர் இல்லாத அந்தத் தீர்மான நகலைப் பார்த்த பிறகு நாங்கள் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறோம். கோரிக்கையை ஒரு தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுவோம். அப்புறம், தீர்மானத்தை எழுதிச் சத்தமாக வாசித்த பிறகுதான் நோட்டில் கையெழுத்து. முதல் தடவை பெரிய சண்டையானது. "உங்களுக்காக எல்லாரும் வெயில்ல காத்திருக்கணுமா?" என்றார்கள். காத்திருந்தார்கள். மூன்றாவது தடவையும் அதே தீர்மானம் ஏறிய பிறகு, 2024-ல் எங்கள் தெருவுக்குத் தனி வால்வு போட்டார்கள். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது.

போன கூட்டத்தில் காலனியிலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நான் சொன்னத வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்" என்றார். வாசித்தார்கள். சுடுகாட்டுப் பாதை என்று அவர் சொன்னதை வெறும் 'சாலை வசதி' என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துத் திருத்தி, திரும்பவும் வாசிக்கவைத்த பிறகுதான் மைப்பெட்டியில் விரலை வைத்தார்.